கோ 86032-ல அந்த ‘கோ’ யாருது? லாலி ரோட்டுல நின்னு ஒரு பஞ்சாயத்து

வணக்கமுங்க மக்களே! இன்னிக்கு சமையலும் இல்ல, சந்தையும் இல்ல, நெம்ப கோவத்துல கேமராவத் தூக்கிட்டு கோயமுத்தூர் வந்துட்டேன். போன வாரம் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை வீடியோ போட்டனல்லங்க, அதுல எங்க கோபி மாமா, அதான் கோபிச்செட்டிபாளையத்துக்காரரு, கரும்புக்காட்டுல நின்னுட்டு “இது கோ 86032 ரகம் அம்மிணி, கோன்னா கோ-ஆபரேட்டிவ், சொசைட்டில குடுக்கறது”ன்னு சொல்லுவாரு, நானும் பக்கத்துல மண்டைய மண்டைய ஆட்டிட்டு நிப்பேன். அதுக்குக் கீழ ஒருத்தர் வந்து, “கோயமுத்தூர்ல மில்லும் மோட்டாரும்தான், சயின்ஸுன்னு என்ன இருந்துச்சு”ன்னு கேட்டுட்டுப் போயிருக்காரு, அதுக்கு 112 லைக் வேற. எனக்கு வந்துச்சு பாருங்க.

ஏனுங்க, அந்த ‘கோ’ங்கறதே கோயமுத்தூருங்க! இங்க 1912-ல கரும்புக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க, அங்க உண்டாக்குன ரகத்துக்கெல்லாம் முன்னாடி கோ, அப்புறம் நம்பரு, அவ்வளவுதான். பஞ்சாப்ல போய்க் கேட்டாலும் கோ தான்.

ஏன் இங்கன்னு கேளுங்க. அப்பெல்லாம் ஜாவாவுல இருந்து கப்பல் கப்பலா சர்க்கரை வந்து எறங்குது. நம்ம நாட்டுல கரும்பு நெறையா போட்டது வடக்கதான், ஆனா அந்தக் கரும்பு குச்சியாட்ட ஒல்லி. சரி, நல்ல ரகமா உண்டாக்கலாம்னா, கரணை, அதான் கரும்புத் துண்டு, வெட்டி நட்டா ஆத்தா எப்படியோ புள்ளையும் அப்படியேதான் வரும், புதுசா ஒண்ணு வரணும்னா பூ பூத்து மகரந்தம் சேந்து விதை கட்டோணும். வடக்க கரும்பு பூக்கறதே அபூர்வம். இங்க நல்லாப் பூக்கும், விதையும் கட்டும். எங்க அப்புச்சி கரும்பு பூ எடுத்துருச்சுன்னா “போச்சு, எடை நிக்காது”ன்னு பொழுதுக்கும் திட்டிட்டு இருப்பாருங்க, அவரு திட்டுன அதே பூவுக்காகத்தான் இந்த ஊரைத் தேடி வந்திருக்காங்க, எனக்கு இதப் படிச்சப்ப சிரிப்பு தாங்கல.

அந்த நிலையத்துல பார்பர்னு ஒரு வெள்ளைக்காரரு, கூட டி.எஸ்.வெங்கட்ராமன். ரெண்டு பேரும் பண்ணுனது என்னன்னா, வெள்ளைன்னு ஒரு கரும்பு, பேரே வெள்ளைதாங்க, நல்ல தடிமனா வர்றது, அதை ஆத்தோரம் தானா மொளைக்குமே பேய்க்கரும்பு, அதோட சேத்தாங்க. ஒண்ணுல இனிப்பு, இன்னொண்ணுல எதையும் தாங்கற முரட்டுத்தனம். அதுல பொறந்ததுதான் கோ 205, 1918-ல பஞ்சாபுக்குப் போச்சு. ஆடு கூடத் திங்க யோசிக்கற புல்லுங்க அது! அதை வெச்சு சாதிச்சிருக்காங்க. வெங்கட்ராமனுக்கு அப்புறமேலுக்கு சர் பட்டமே குடுத்தாங்க.

ஒரு நிமிசம், இந்த ஜூஸ் கதையச் சொல்லாம மேல போக முடியாது. இங்க ரோட்டோரம் கரும்பு ஜூஸ் ஒரு கிளாஸ் 40 ரூபா. சரி. ஐஸ் வேண்டாங்கண்ணான்னேன், நான் ஐஸ் போட்டுக் குடிக்க மாட்டேன்னு உங்களுக்கே தெரியும், அது ஜூஸ் இல்ல, கழுவுன தண்ணி. அவரு “ஐஸ் இல்லாம 50 ரூபாங்க”ங்கறாரு! இல்லாத பொருளுக்கு 10 ரூபா சேத்தியா? கேட்டா கிளாஸ் நெறைய கரும்பு ஆவுதாம். நியாயந்தான், ஆனா மனசு ஆறல. வெயிலுக்கு ரெண்டு குடிச்சுட்டேன், 100 ரூபா. இஞ்சி மட்டும் நல்லாப் போட்டாரு, அதைச் சொல்லியாகோணும். “என்ன ரகம்ங்கண்ணா”ன்னேன், “ஜூஸ் கரும்புங்க”ன்னுட்டாரு.

இந்த 100 ரூபான்னதும் ஞாபகம் வருது, நம்ம ஈரோட்டுல பொறந்த ராமானுஜனுக்கு 1913-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி ஆராய்ச்சி பண்ணச் சொல்லி மாசம் குடுத்ததே 75 ரூபாங்க. அவரு எஃப்.ஏ., அதான் பி.ஏ.க்கு முந்தின காலேஜ் பரீட்சை, அது கூடத் தேறல, ஆனாலும் குடுத்தாங்க, அதுக்கே அவங்களுக்கு ஒரு கும்பிடு. ஏன்னா 1857-ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி, ரொம்ப நாளா பரீட்சை வெக்கறது பட்டம் குடுக்கறதுதான் வேலை, பாடம் எடுக்கலாம் ஆராய்ச்சி பண்ணலாம்னு சட்டம் வந்ததே 1904-லதான். அவரு அப்புறம் போன கேம்பிரிட்ஜ்லயே அப்ப பிஎச்டி கெடையாது, ராமானுஜன் பண்ணுன ஆராய்ச்சிக்கு 1916-ல பி.ஏ. தான் குடுத்தாங்க. பி.ஏ.!

அட, முன்னாடி சொல்ல வேண்டியத விட்டுட்டேன். கரும்புக்கு முன்னாடியே இங்க விவசாயக் காலேஜ் வந்துருச்சு. 1868-ல சைதாப்பேட்டைல பள்ளிக்கூடமா இருந்தது, 1906-ல இங்க மாத்துனாங்க, பின்னாடி தெரியுது பாருங்க, அந்தப் பெரிய கட்டடம் 1909. அப்ப கவர்னரு ஆர்தர் லாலி, அதான் லாலி ரோடு. நான் சின்னப் புள்ளைல லாரி ரோடுன்னே நெனச்சிருந்தேன், சிரிக்காதீங்க. 1971-லதான் அந்தக் காலேஜ் யுனிவர்சிட்டி ஆச்சு, ஆக பெரிய பெரிய ஆராய்ச்சியெல்லாம் அந்தப் போர்டு மாட்டறதுக்கு நெம்ப முன்னாடியே காட்டுக்குள்ள நடந்து முடிஞ்சுருச்சு.

இன்னொண்ணு, ஜானகி அம்மாள். தலச்சேரிக்காரங்க, அமெரிக்கால மிச்சிகன் யுனிவர்சிட்டில 1931-ல டாக்டரேட் வாங்கிட்டு, 1934-ல இந்தக் கரும்பு நிலையத்துக்கு வந்தாங்க. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் கலப்பு பண்ணிப் பாத்திருக்காங்க! நம்மூர்ல ரெண்டு சாதி சனம் பேசிக்கவே பஞ்சாயத்து வெக்கோணும், இந்தம்மா ரெண்டு பயிரைக் கட்டி வெச்சு அதோட குரோமோசோமை மைக்ராஸ்கோப்புல எண்ணிட்டு இருந்திருக்காங்க. இவங்களுக்குன்னு தனி வீடியோ போடறேன்.

கடைசியா மாமாவுக்கு இங்கிருந்தே போன் போட்டேன். “மாமா, கோன்னா கோ-ஆபரேட்டிவ் இல்லீங், ஊர் பேருங்க”ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொல்றாரு, “அதான அம்மிணி, நானும் நெனச்சேன். கோபி தான?”