ஏற்றிய கணக்கும் இறக்கிய கணக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

போர் என்றதும் பீரங்கி, விமானம், தளபதி என்றுதான் மனம் ஓடும். நான் இன்று பேச வந்திருப்பது சரக்கைப் பற்றி. பெட்ரோல் பீப்பாய், மாவு மூட்டை, லாரி டயர், குண்டுப் பெட்டி. இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூன் முதல் 1943 ஜனவரி வரை, இத்தாலியிலிருந்து லிபியாவுக்குக் கடல் வழியாகப் போன சரக்கு. வட ஆப்பிரிக்காவில், இத்தாலியரோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த ஜெர்மன் தளபதி ரோமெலின் படைக்கு ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் அது மத்தியதரைக் கடலைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்த வழியில், சிசிலிக்குத் தெற்கே, பிரிட்டிஷார் கையில் மால்டா தீவு.

ஒரே ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். 1941 நவம்பர் 8 மாலை, அரோரா, பெனலோப்பி என்ற இரண்டு க்ரூசர் போர்க்கப்பல்களும் லான்ஸ், லைவ்லி என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்களும் மால்டாவிலிருந்து கிளம்பின. ஃபோர்ஸ் கே என்று பெயர். தலைமை கேப்டன் ஆக்னியூ. நள்ளிரவு தாண்டி ஏறத்தாழ ஒரு மணிக்கு, எதிரே சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களுமாக ஏழு. டூயிஸ்பர்க், சான் மார்கோ, மரியா, சஜித்தா, ரினா கொர்ராடோ, கோந்தே டி மிசுராத்தா, மினாதித்லான். பக்கத்துக் காவலுக்கு ஆறு நாசகாரிகள், சற்றுத் தள்ளி ட்ரியெஸ்தே, ட்ரெண்டோ என்ற இரு பெரிய க்ரூசர்கள். ஆள் பலமும் பீரங்கி பலமும் இத்தாலியர் பக்கம்தான். ஆனால் பிரிட்டிஷ் கப்பல்களில் ரேடார் இருந்தது, இத்தாலியக் கப்பல்களில் இல்லை. ஏழும் மூழ்கின. காவலுக்கு வந்த ஃபுல்மினேயும் மூழ்கியது. காலையில் தண்ணீரில் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டிருந்த இன்னொரு காவல் நாசகாரி லிபெச்சியோவை அப்ஹோல்டர் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. ஃபோர்ஸ் கே ஒரு கப்பலையும் இழக்காமல் மால்டாவுக்குத் திரும்பியது.

சரி, கதை தெரிந்துவிட்டது, அப்புறம் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது. இந்தச் சண்டை நடந்த நாளையே சில புத்தகங்கள் 8 என்கின்றன, சில 9 என்கின்றன. கிளம்பிய நாளை எழுதுகிறாரா, சுட்ட நாளை எழுதுகிறாரா என்று பார்க்க வேண்டும். எந்தக் கப்பலின் கடிகாரம் எந்த நாட்டு நேரம் காட்டியது என்றும் பார்க்க வேண்டும். "ஐயாயிரம் டன் மூழ்கியது" என்று படித்தால் பலரும் ஐயாயிரம் டன் சரக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது கப்பலின் உள்ளிடத்தின் அளவு, எடையே இல்லை. நூறு கன அடி ஒரு டன். டூயிஸ்பர்க் 7,389 டன் கப்பல் என்றால் அதில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. இந்த ஒரு குழப்பத்தால் வந்த தப்பான கணக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வருத்தமாக இருக்கிறது.

அதனால் மூன்று ஊர் ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே ஆக வேண்டும். ரோமில் இத்தாலியக் கடற்படையின் வரலாற்று அலுவலகம், லண்டன் கியூவில் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம், ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் ராணுவ ஆவணக் காப்பகம். அடித்தவன் சொல்லும் கணக்கு பெரும்பாலும் கூடத்தான் இருக்கும். பொய் சொல்கிறான் என்று அர்த்தமில்லை. நீர்மூழ்கியில் இருப்பவன் டார்பிடோவை விட்டதும் ஆழத்துக்கு ஓட வேண்டும், வெடிச்சத்தம் மட்டும்தான் காதில் விழும். கப்பல் மூழ்கியதா, இழுத்துக்கொண்டு போனார்களா என்பது இழந்தவன் பேரேட்டில்தான் இருக்கும்.

ஒரே தரப்பின் ஏட்டை மட்டும் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நவம்பர் இரவே சாட்சி. அந்த இரு பெரிய க்ரூசர்களோடு காவலுக்கு வந்த இத்தாலிய அட்மிரல் ப்ரிவொனேசி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். எந்த வழியில், எந்த நேரத்துக்குப் போகிறோம் என்பது எதிரிக்கு எப்படித் தெரிந்தது? ரோமில் யாரோ விற்றுவிட்டார்கள் என்ற பேச்சு போர் முடிந்த பிறகும் அடங்கவில்லை. 1950களில் அட்மிரல்களைத் துரோகிகள் என்று சாடிப் புத்தகம் வந்தது, அது நீதிமன்றம் வரை போனது. உண்மை வேறு இடத்தில் இருந்தது. கப்பல் போக்குவரத்துச் செய்திகளுக்கு இத்தாலியர் பயன்படுத்திய ஸ்வீடன் நாட்டு வடிவமைப்பிலான சங்கேத எந்திரத்தை, பிரிட்டிஷ் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் 1941 கோடையிலேயே உடைத்துவிட்டார்கள். அந்த ரகசியம் வெளிப்படாமலிருக்க, முதலில் மால்டாவிலிருந்து ஒரு விமானத்தை அனுப்பி, அது தற்செயலாகக் கண்டதுபோலக் காட்டிவிட்டுத்தான் தாக்கினார்கள். நவம்பர் 8ஆம் தேதியும் அப்படி ஒரு விமானம் போனது. இதெல்லாம் 1974க்குப் பிறகுதான் வெளியே வந்தது. அதுவரை முப்பது வருஷம், செய்யாத துரோகத்தைச் சிலர் தலையில் சுமந்தார்கள். காகிதம் பூட்டிக் கிடந்ததுதான் காரணம்.

இனி மொத்தக் கணக்கு. இத்தாலியக் கடற்படையின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரப்படி லிபியாவுக்கு ஏற்றியது 22,45,381 டன், போய்ச் சேர்ந்தது 19,29,955 டன். நூற்றுக்கு 86 சேர்ந்திருக்கிறது. முதல் தடவை இதைப் படித்தபோது நான் நம்பவில்லை. கடலில் எல்லாமே மூழ்கியது என்றுதானே நாம் கேட்டு வளர்ந்தோம். சராசரிக்குள்ளே மாதங்கள் ஒளிந்திருக்கின்றன. 1941 நவம்பரில் ஏற்றியது 79,208 டன், இறக்கியது 29,843. 1942 ஏப்ரலில், மால்டா குண்டுமழையில் நசுங்கிக் கிடந்த நேரத்தில், 1,51,578 ஏற்றி 1,50,389 இறக்கியிருக்கிறார்கள். இறக்கிய பிறகும் பாடு தீரவில்லை. லிபியாவின் ட்ரிப்போலி துறைமுகத்திலிருந்து எகிப்தின் போர்முனையான அலமெய்ன் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். லாரி தான் சுமக்கும் பெட்ரோலைத் தானே குடித்துக்கொண்டு போக வேண்டும். கடலா, சாலையா, எது ரோமெலைத் தோற்கடித்தது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டும்தான் என்பது என் கட்சி. ஆனால் 1942 அக்டோபர் 26ஆம் தேதி லிபியத் துறைமுகமான தொப்ரூக் அருகே ப்ரொசெர்ப்பினா என்ற எண்ணெய்க் கப்பலும், இரண்டே நாளில் லூயிசியானோவும் மூழ்கியபோது, அலமெய்னில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு கப்பல்களை எந்தச் சராசரியாலும் மறைக்க முடியாது.

பெட்ரோலுக்கு எவ்வளவு தவித்தார்கள் என்றால், 1941 டிசம்பரில் தா பார்பியானோ, டி ஜுசானோ என்ற இரண்டு க்ரூசர்களின் மேல்தளத்தில் பீப்பாய் பீப்பாயாக அடுக்கி அனுப்பினார்கள். 13ஆம் தேதி அதிகாலை, துனிசியக் கரையில் கேப் போன் அருகே, மூன்று பிரிட்டிஷ் நாசகாரிகளும் ஒரு டச்சு நாசகாரியும் கரையோர இருட்டிலிருந்து வந்தன. சில நிமிஷம்தான். எண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள். எரிகிற பெட்ரோல் மிதக்கும் கடலில் எங்கே நீந்துவது?

கடைசியாக ஒன்று. நான் சொன்ன அந்த 22 லட்சம் டன், போகிற வழிக் கணக்கு மட்டும். திரும்பி வரும் கப்பல் அந்தக் கணக்கில் வராது. ஆனால் அது எப்போதும் காலியாக வரவில்லை. போர்க்கைதிகளைச் சரக்கு அறைக்குள் அடைத்துக் கொண்டுவந்தார்கள். 1942 ஆகஸ்ட் 17ஆம் தேதி நீனோ பிக்ஸியோவை டர்புலன்ட் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி அடித்தது. கப்பல் தப்பியது, கைதிகளில் முந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அக்டோபர் 9ஆம் தேதி சிசிலியின் பலெர்மோ அருகே லொரெட்டோ என்ற சின்னக் கப்பலை அன்ரஃபிள்ட் மூழ்கடித்தது. அதிலிருந்தவர்கள் இந்தியப் போர்க்கைதிகள். நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. தங்கள் பக்கத்து டார்பிடோவே அவர்களைக் கொன்றது.

அந்தப் போர்முனையில் நம்மவர்களும் இருந்தார்கள். நான்காவது இந்திய டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் கம்பெனியும் இருந்தது. உங்கள் வீட்டுப் பெட்டியில், பரணில், ஆப்பிரிக்காவுக்குப் போன தாத்தாவின் கடிதமோ சம்பளப் புத்தகமோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். பழைய அஞ்சலட்டையில் இத்தாலிய முத்திரையும், 'பி.ஜி.' என்ற இரண்டு ஆங்கில எழுத்தும், பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால் அவர் இத்தாலியில் கைதி முகாமில் இருந்தவர். அங்கே கப்பலில்தான் போயிருப்பார். எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று சேர்ந்து தேடலாம். அட்டையின் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், கூட்டம் முடிந்ததும் இந்த மேடைக்குப் பக்கத்திலேயே இருப்பேன்.