அனுசரிப்பா, கறாரா? கறார் அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "சூழ்ச்சி செய்யும் சக ஊழியரைச் சமாளிக்கக் கைகொடுப்பது அனுசரிப்பா, கறாரா?" என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, "30 வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டியவர்கள், விட்டுக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவோம்?" என்று கேட்டார். குறைந்துதான் போகிறோம், சகோதரி.

ஓர் அரசு அலுவலகம். பக்கத்து இருக்கைக்காரர் வருகிறார். "தங்கச்சி, நீ குறிப்பு எழுதினா முத்து முத்தா இருக்கும். இந்தக் கோப்பை மட்டும் பார்த்துடும்மா, அண்ணனுக்கு பி.பி. ஏறுது." புகழ்ச்சியும் உறவும் நோயும் ஒரே மூச்சில்! அந்தப் பெண் எழுதித் தருகிறாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு கோப்பு. மாதக் கடைசியில், அவள் கைக்கு வந்த வேலைகளைப் பதியும் தன்பதிவேட்டில் நிலுவை ஏறிக் கிடக்கிறது. அதே அண்ணன் கண்காணிப்பாளரிடம் போய், "பாவம் சார் அந்தப் பொண்ணு, வேலையில கொஞ்சம் ஸ்லோ" என்கிறார். விளக்கம் கேட்கும் குறிப்பாணை, அதாவது மெமோ, யாருக்கு வரும்? அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(அ)-வில் விளக்கம் கேட்டால், "அண்ணனுக்காக அனுசரித்தேன்" என்று எழுத முடியுமா?

கறார் என்றால் சண்டை என்று எதிரணி பயமுறுத்துகிறது. குரலே உயர வேண்டாம். "அண்ணே, என் கோப்பே முடியல. கண்காணிப்பாளர் எழுதி ஒதுக்கினா செய்யறேன்." அவ்வளவுதான். காரணம் அடுக்கவே கூடாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால், "சரி, நாளைக்கு முடிச்சுக் கொடு" என்பார். ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "உன்னைப் பத்தி அவர் இப்படிச் சொன்னார், நான் சொன்னேன்னு சொல்லிடாதே" என்று காதைக் கடிப்பவரிடம், "வாங்கண்ணே, அவர்கிட்டயே கேட்டுடலாம்" என்று எழுந்து பாருங்கள். மறுபடி அந்தப் பக்கம் வர மாட்டார்.

எழுத்தில் கேட்பது அகம்பாவம் என்றார் எதிரணித் தலைவர். வாய்மொழி உத்தரவை மட்டும் வைத்து அதிகாரிகள் செயல்படக் கூடாது, அது பதிவாக வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. வழக்குப் போட்டவர்கள் ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகள். முன்னின்றவர் அமைச்சரவைச் செயலாளராக இருந்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன். அவ்வளவு பெரிய நாற்காலியில் இருந்தவர்களுக்கே எழுத்துதான் காப்பு என்றால், ஓர் இளநிலை உதவியாளர் கேட்பது மட்டும் எப்படித் திமிராகும்?

இன்னொன்று. சீண்டல் பாலியல் தொல்லையாக மாறினால், அதே 2013-இல் வந்த சட்டப்படி 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு நாளும் அந்தக் கெடுவில்தான் கழிகிறது. இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது, நடுவர் அவர்களே.

அப்பா இறந்து, கருணை அடிப்படையில் வேலைக்கு வந்து, ஒரு குடும்பத்தையே தாங்கி நிற்கிற பெண்ணிடம்தான் அனுசரித்துப் போகச் சொல்கிறோம். அந்த அண்ணனைக் கூப்பிட்டு, "நீங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க, உங்க கோப்பை நீங்களே எழுதுங்க" என்று இதுவரை யார் சொன்னோம்? எதிரணித் தலைவர் எழுந்ததும் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.