வீட்டுக்கு அடியில பங்கர் கட்டலாமா? வேளச்சேரி நேயருக்கு பதில்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு என் மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு. வேளச்சேரியில இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காரு, "சார், கார் பார்க்கிங்குக்கு அடியில 10க்கு 10ல ஒரு பங்கர் கட்டலாம்னு இருக்கேன், போர் வந்தாலும் புயல் வந்தாலும் நாங்க நாலு பேரும் ஒரு வாரம் உள்ள இருக்கணும், நடைமுறைக்கு ஒத்து வருமா?"ன்னு. 2025 மே மாசம் போர் வந்தா என்ன பண்றதுன்னு ஒத்திகையெல்லாம் நடந்ததுக்கு அப்புறம் நிறைய பேருக்கு இந்த யோசனை வந்திருக்கு. குடும்பத்து மேல இருக்கற அக்கறையில கேக்கறாரு, அதனால முழுசாவே பேசிருவோம்.

ரெகுலரா பாக்கறவங்களுக்கு நான் முதல்ல என்ன கேப்பேன்னு தெரியும். எதுல இருந்து தப்பிக்க? அத முடிவு பண்ணாம எவ்ளோ ஆழம், எவ்ளோ கம்பின்னு பேசவே முடியாது.

ஷெல்லடின்னா, அதாவது பீரங்கி குண்டு வந்து விழுதுன்னா, பங்கர் உயிர காப்பாத்தும், அதுல சந்தேகமே வேணாம். ஜம்மு எல்லை மாவட்டங்கள்ல மத்திய அரசே 14,460 பங்கர் கட்ட அனுமதி குடுத்துச்சு. இலங்கைப் போர் நேரத்துல வன்னியிலயும் யாழ்ப்பாணத்துலயும் வீட்டு வளவுக்குள்ளயே வெட்டி வெச்சிருந்தாங்க. எனக்கு தெரிஞ்ச கிளிநொச்சி அண்ணன் ஒருத்தர் இப்ப கனடாவுல இருக்காரு, அவர் சொல்லுவாரு, "தம்பி, பங்கரை நேரா வெட்டக்கூடாது, 'ட' மாதிரி வளைச்சு வெட்டோணும், வாசல்ல விழுந்தாலும் சிதறல் உள்ளுக்கு இருக்கிற ஆளுக்கு நேர வராது"ன்னு. மேல பனங்குத்தி, அதாவது பனைமரத் துண்டு, அதுக்கு மேல மண்மூட்டை, கடைசி காலத்துல சாக்கு கிடைக்காம சேலைய தைச்சு மண்ணு நிரப்பியிருக்காங்க. ஆனா அவரே சொல்றது, மாரி காலத்துல உள்ள தண்ணி நின்னுடும், பாம்பு வந்துடும், அப்பவும் ஷெல் வந்தா இறங்கித்தான் ஆகணும்னு. அந்த சனம் அனுபவிச்சத கேக்கறப்ப எனக்கு பேச்சு வராது.

சரி, வேளச்சேரிக்கு வருவோம். எதுல இருந்து தப்பிக்க? அங்க 2015லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் வந்தது தண்ணி. நிலத்தடி நீர் வீடியோவுல சொன்னதுதான், பள்ளிக்கரணை சதுப்பு பக்கத்துல மழைக்காலத்துல நீர்மட்டம் மேல ஏறி வந்துடும். இப்ப கணக்க பாருங்க. 3 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர், அப்ப தண்ணி அத மேல தள்ற விசை 22 டன்னுக்கு மேல. 15 சென்டிமீட்டர் சுவர் வெச்சா மொத்த கான்கிரீட்டே 16 டன்தான் வரும். காலி குடத்த தண்ணிக்குள்ள அமுக்குனா எப்படி எக்கிட்டு வருமோ அப்படி தரைய பொளந்துட்டு கிளம்ப பாக்கும். சுவர தடிமனாக்கி, அடித்தளத்த அகலப்படுத்தி, மேல மண்ண போட்டு தடுக்கலாம், ஆனா வாசல் வழியா வர்ற தண்ணிய என்ன பண்றது? 2024 ஜூலையில டெல்லி ஓல்ட் ராஜிந்தர் நகர்ல கோச்சிங் சென்டரோட பேஸ்மென்ட் லைப்ரரியில தண்ணி புகுந்து மூணு பிள்ளைங்க செத்துப்போனாங்க, நினைச்சாலே வயிறு எரியுது.

அடுத்து காத்து. எல்லாரும் ஆக்சிஜன் தீர்ந்துடும்னு நினைக்கறாங்க, அதுக்கு ரொம்ப முன்னாடியே கார்பன் டை ஆக்சைடு தொல்லை குடுக்கும். சும்மா உக்காந்திருக்கற ஒரு ஆளு மணிக்கு சுமார் 20 லிட்டர் விடறாரு. உள்ள இடம் 16 கன மீட்டர்தான், காத்தோட்டம் இல்லேன்னா நாலு பேருக்கு ஆறு மணி நேரத்துல 3 சதவீதம் தொட்டுடும், தலைவலி, மூச்சு வாங்கும். இதுல அவர் ஒரு வாரம்ங்கறாரு! கரன்ட் போச்சுன்னு ஜெனரேட்டர உள்ள வெச்சா அது இன்னும் மோசம், அந்தப் புகையிலயே உயிர் போயிடும்.

சுவிட்சர்லாந்த உதாரணமா காட்டுவாங்க. அங்க பங்கர் கட்டணும்னு 1963ல இருந்தே சட்டம் இருக்கு, கரன்ட் இல்லேன்னா கையால சுத்தற காத்தாடி, வடிகட்டி எல்லாம் வெச்சிருக்காங்க. அவங்களே லூசெர்ன்ல சோனன்பெர்க் சுரங்கத்த 1976ல 20,000 பேருக்குன்னு திறந்து, 1987ல ஒத்திகை பாத்தா குண்டு தாங்குற கதவு ஒண்ணு சரியா மூடல, 2006ல அத 2,000 பேருக்குன்னு குறைச்சுட்டாங்க. சிங்கப்பூர் நேயர்களுக்கு வீட்டுக்குள்ளயே பாம் ஷெல்டர் இருக்கும், பூமிக்கு அடியில இல்ல, உங்க மாடியிலயே தடிச்ச சுவரும் இரும்பு கதவுமா இருக்கற ரூம்தான். பெரும்பாலும் அரிசி மூட்டையும் சூட்கேஸும் கிடக்கும், பரவால்ல, ஆனா சீக்கிரம் காலி பண்ற மாதிரி வைங்க.

நம்ம கடற்கரைக்கு பாதுகாப்பு மேலதான் இருக்கு, கீழ இல்ல. ஒடிசாவுல 1999 புயல்ல பத்தாயிரம் பேர் கிட்ட செத்தாங்க. அதுக்கப்புறம் கடலோரமா தூண் மேல நிக்கற புயல் பாதுகாப்பு மையம் நிறைய கட்டுனாங்க, முன்னெச்சரிக்கைய ஊர் ஊரா கொண்டு போனாங்க, 2013 பைலின் வந்தப்ப பத்து லட்சம் பேர் கிட்ட இடம் மாத்துனாங்க, இறப்பு 50க்கு கீழ. இதத்தான் நான் எத்தனை வீடியோவுல சொன்னாலும் திரும்ப சொல்லுவேன். நாகப்பட்டினம், கடலூர் பக்கம் நமக்கும் அந்த மாதிரி மையங்கள் இருக்கு.

அதனால சார், அந்த பங்கர் காசுல பாதிய வெச்சு மாடியில ஒரு ரூம ஸ்ட்ராங்கா பண்ணுங்க. குடிதண்ணி ஒரு ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டராவது, மருந்து, டார்ச், ரேடியோ, பேப்பர்ஸ் எல்லாம் அங்க வைங்க. இன்வெர்ட்டர் கீழ இருந்தா மேல ஏத்துங்க. உங்க வார்டுல தண்ணி வந்தா எந்த ஸ்கூல், எந்த மண்டபம் திறப்பாங்க, சாவி யார்கிட்ட இருக்குன்னு அக்டோபர் வர்றதுக்குள்ள விசாரிச்சு வைங்க, பக்கத்து வீட்ல படுத்த படுக்கையா யாராவது இருந்தா அவங்கள யார் தூக்கறதுன்னும் பேசி வைங்க.

அடுத்த கேள்வி திருச்சியில இருந்து, போர்வெல் பத்தி.