சாவி யார் கையில்? கணினியில் விளையாடுவதைப் பற்றி ஒரு பேச்சு

எல்லோருக்கும் வணக்கம்.

கணினியில் விளையாடுவதா, பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலில், அதாவது விளையாட்டுக்கென்றே விற்கும் பெட்டியில் விளையாடுவதா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் முதலில் வந்து நிற்பது படத்தின் தரம்தான். எதில் காட்சி துல்லியம், எதில் வினாடிக்கு எத்தனை ஃபிரேம் (திரையில் மாறும் படம்) என்று ஆரம்பித்து, கடைசியில் இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். அதற்கும் கொஞ்ச நேரம் ஒதுக்குகிறேன், ஆனால் பிறகு. நான் கணினியின் பக்கம் நிற்பதற்கு முதல் காரணம் வேறு. கணினி, வாங்கியவர் சொன்னபடி கேட்கும். கன்சோல், அதைத் தயாரித்த நிறுவனம் சொன்னபடி கேட்கும். வாடகை வீட்டில் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருக்கிறதே, அந்த நிலைதான் கன்சோலில். மற்ற எல்லா வேற்றுமையும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், பிடிபி-1 என்ற கணினியில் ஸ்டீவ் ரஸ்ஸல் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதினார். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும், அவ்வளவுதான். ஆனால் அது அப்படியே நிற்கவில்லை. பீட்டர் சாம்சன் என்பவருக்குப் பின்னணியில் இருந்த நட்சத்திரங்கள் பிடிக்கவில்லை, உண்மையான வானத்தின் வரைபடத்தையே நிரலாக எழுதிச் சேர்த்தார். டான் எட்வர்ட்ஸ் நடுவில் இருக்கும் நட்சத்திரத்துக்கு ஈர்ப்பு விசை கொடுத்தார். அதன் பிறகு ஆட்டமே மாறிவிட்டது; சும்மா நின்றால் நட்சத்திரத்தில் விழுந்துவிடுவீர்கள். யாரும் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. நிரல் எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். கணினி விளையாட்டு பிறந்தபோதே இந்தக் குணத்தோடுதான் பிறந்தது.

அப்புறம் 1993இல் 'டூம்' வந்தது. அதை உருவாக்கிய இட் சாஃப்ட்வேர் குழு ஒரு நல்ல காரியம் செய்தது. விளையாட்டை ஓட்டும் நிரலை ஒரு பக்கமும், வரைபடம், ஒலி, படங்கள் எல்லாவற்றையும் தனிக் கோப்பாக இன்னொரு பக்கமும் வைத்தது. அசல் கோப்பைத் தொடாமலே நீங்கள் உருவாக்கிய வரைபடத்தை மேலே ஏற்றி விளையாடலாம். ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1997இல் மூலநிரலையும் வெளியிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் எந்தப் புதுக் கணினியிலும் டூம் ஓடுகிறது, இன்றைக்கும் புதுப்புது வரைபடங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவே 2019இல் 'சிஜில்' என்று ஒரு புதிய தொகுப்பை இலவசமாகக் கொடுத்தார். முதல் வெளியீட்டுக்கு 25 ஆண்டுகளுக்கு மேல் கழித்து!

இந்த வழியில் என்னென்ன வந்தன என்று பாருங்கள். 1998இல் வால்வ் நிறுவனம் 'ஹாஃப்-லைஃப்' வெளியிட்டது. அதன் மேல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999இல் கட்டிய மாட், அதாவது இருக்கிற விளையாட்டை மாற்றி ரசிகர்கள் செய்யும் புது வடிவம்தான் 'கவுண்டர்-ஸ்ட்ரைக்'. மறு ஆண்டே வால்வ் அதைத் தன் சொந்த வெளியீடாக எடுத்துக்கொண்டது. 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டோடு வந்த வரைபடக் கருவியில் ரசிகர்கள் செய்தது 'டோட்டா'; 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' உள்பட ஒரு பெரிய வகையே அதிலிருந்து கிளைத்தது. 'ஆர்மா 2' என்ற போர் விளையாட்டின் மேல் 'டேஇசட்' என்ற மாட் வந்தது, அதன் மேல் பிரெண்டன் கிரீன் ஒரு மாட் செய்தார், அந்த யோசனை வளர்ந்து 2017இல் 'பப்ஜி' ஆனது. இன்று கன்சோலிலும் கைபேசியிலும் கோடிக்கணக்கானவர்கள் விளையாடும் இந்த வகைகள், கணினி முன்னால் உட்கார்ந்திருந்த ரசிகர்கள் யாரையும் கேட்காமல் செய்து பார்த்தவை. மூடிய பெட்டியில் இவை முளைத்திருக்க வாய்ப்பே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, கன்சோலிலும் இப்போது மாட் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. 'ஃபால்அவுட் 4'க்கு 2016இல் வந்தது. ஆனால் பிளேஸ்டேஷன் 4இல் வெளியிலிருந்து புதிய படமோ ஒலியோ கொண்டுவர சோனி அனுமதிக்கவில்லை. விளையாட்டுக்குள் ஏற்கெனவே இருப்பதையே மாற்றி அடுக்கிக்கொள்ளலாம். கணினியில் அதே விளையாட்டுக்குப் புதிய ஊர்களையே கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சின்ன நிகழ்ச்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 2012இல் 'டார்க் சோல்ஸ்' கணினிக்கு வந்தது. விளையாட்டு அருமை, கணினிப் பதிப்பு மோசம். நீங்கள் எவ்வளவு நல்ல திரை வைத்திருந்தாலும் உள்ளே அது 1024-க்கு 720 என்ற அளவில்தான் படம் வரையும். அதைப் பெரிதாக்கிக் காட்டும். எல்லாம் கலங்கித் தெரிந்தது. வெளியான உடனே, டுராண்டே என்ற பெயரில் எழுதும் ஒரு ரசிகர் 'டிஎஸ்ஃபிக்ஸ்' என்று ஒரு சிறிய மென்பொருள் வெளியிட்டார். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அவர் கொடுத்த கோப்புகளை விளையாட்டின் ஃபோல்டரில் போட வேண்டும். அதில் உள்ள ஓர் எழுத்துக் கோப்பை நோட்பேடில் திறந்தால் அகலம், உயரம் என்று இரண்டு வரிகள் இருக்கும். அங்கே 1920 என்றும் 1080 என்றும் எழுதிச் சேமித்துவிட்டு விளையாட்டைத் திறந்தால் கல்லின் விரிசல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. கன்சோலில் அதே விளையாட்டில் சில இடங்களில் ஃபிரேம் சரிந்து திணறியது. அங்கே வாங்கியவர்கள் நிறுவனம் ஏதாவது செய்யும் என்று காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நிறுவனமே திறந்துவிட்ட கதவும் நிலையில்லை என்பதற்கு பிளேஸ்டேஷன் 3 சாட்சி. 2006இல் அது வந்தபோது அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம் என்று சோனியே வசதி கொடுத்தது. ஆராய்ச்சிக்காரர்கள் பயன்படுத்தினார்கள், அமெரிக்க விமானப்படை ஆயிரத்துக்கு மேற்பட்ட பிளேஸ்டேஷன்களை ஒன்றாக இணைத்து ஒரு சூப்பர் கணினியே கட்டியது. 2010 ஏப்ரலில் ஒரு புதுப்பிப்பு வந்தது, அந்த வசதி போயிற்று. புதுப்பிக்காமல் இருக்கலாம், ஆனால் இருந்தால் இணையத்தில் விளையாட முடியாது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு பகுதி, வாங்கிய பிறகு பறிபோனது. எனக்கு இது இன்றுவரை ஏற்க முடியாத விஷயம்.

இப்போது கைக்கு வருவோம். மவுஸ் ஏன் குறி பார்ப்பதில் கன்ட்ரோலரை மிஞ்சுகிறது? வெறும் பழக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். பழக்கம் மட்டும் இல்லை. கன்ட்ரோலரின் குச்சியைச் சாய்க்கும்போது, இந்தப் பக்கம் இந்த வேகத்தில் திரும்பிக்கொண்டே இரு என்று சொல்கிறோம். வேண்டிய இடம் வந்ததும் கட்டைவிரலைத் தளர்த்த வேண்டும். கொஞ்சம் முந்தினால் குறி எட்டாது, பிந்தினால் தாண்டிப்போகும். மவுஸில் கை நகர்ந்த தூரம்தான் பார்வை திரும்பும் அளவு. கை நின்றால் பார்வை நிற்கும். இந்த வேற்றுமை விளையாட்டு செய்பவர்களுக்கும் தெரியும். அதனால்தான் கன்ட்ரோலரில் ஆடும்போது எதிரியின் அருகில் குறி வந்ததும் அதன் வேகத்தைக் குறைத்து உதவுகிறார்கள். வியூக விளையாட்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' போன்ற ஒன்றில் நாற்பது வீரர்களை இழுத்துத் தேர்ந்தெடுத்து, ஓர் எண்ணை அவர்களுக்குக் கொடுத்து, வேறு மூலையில் கிராமத்தானை விறகு வெட்ட அனுப்புவது எல்லாம் மவுஸும் கீபோர்டும் சேர்ந்தால் இரண்டு மூன்று வினாடி வேலை.

கார் ஓட்டும் விளையாட்டு, கால்பந்து, மல்யுத்தம் என்றால் கன்ட்ரோலர்தான் சுகம். அதையும் கணினியில் செருகிக்கொள்ளலாம். எந்தப் பொத்தான் எதற்கு என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். 1997இல் நடந்த 'குவேக்' போட்டியில் 'டூம்' செய்தவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாக வென்ற டென்னிஸ் ஃபாங், டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு விசைகளை நடப்பதற்கு வைத்து ஆடினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் மாறினார்கள், சில ஆண்டுகளில் விளையாட்டுகளே அதை இயல்பான அமைப்பாக வைத்துக்கொண்டன. ஒரு கை மட்டுமே அசைக்க முடிகிற ஒருவர் எல்லா விசைகளையும் ஒரே பக்கம் கொண்டுவந்து வைத்து விளையாடுவதை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இந்தச் சுதந்திரம் இல்லையென்றால் விளையாட்டே இல்லை.

ஒதுக்கிவைத்த படத் தரத்துக்கு வருகிறேன். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 33 மில்லி வினாடி திரையில் நிற்கும். 60 என்றால் 17. 144 என்றால் 7தான். இந்தக் குறைப்பைக் கண் பார்ப்பதற்கு முன் கை உணர்ந்துவிடும். விசையை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் உள்ள இடைவெளி குறைகிறது. இன்றைய கன்சோல்களும் 120 வரை போகக்கூடியவைதான். ஆனால் ஒரு விளையாட்டில் நிழலைக் குறைத்து வேகத்தைக் கூட்டலாமா, வேகத்தை விட்டு அழகைப் பிடித்துக்கொள்ளலாமா என்பதை அங்கே பெரும்பாலும் இரண்டு மூன்று தெரிவுகளுக்குள் முடித்துவிடுகிறார்கள். கணினியில் நிழல், புல், நீர், பார்வைக் கோணம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு மாற்றலாம். ஐந்து ஆண்டு கழித்து கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால், அதே பழைய விளையாட்டு புதிதாகத் தெரியும்.

காசைப் பற்றிச் சுருக்கமாக. ஆரம்பத்தில் கணினிக்குச் செலவு அதிகம், அதை மறைக்க முடியாது. ஆனால் நண்பர்களோடு இணையத்தில் விளையாடத் தனிச் சந்தா கட்ட வேண்டியதில்லை, பல கடைகள் போட்டி போடுவதால் தள்ளுபடி அதிகம், ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடிப் பிடிக்கவில்லை என்றால் 14 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதே இயந்திரத்தில் படிப்பும் வேலையும் நடக்கும்.

பழைய விளையாட்டுகள் எனக்கு இதைவிட முக்கியம். பிளேஸ்டேஷன் 3இல் செல் என்ற தனிவகைச் செயலி இருந்தது. அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 4இன் அமைப்பு வேறு, அதனால் பழைய வட்டுகள் அதில் ஓடவில்லை. 2023 மார்ச்சில் நிண்டெண்டோ நிறுவனம் தன் வீ யூ, 3டிஎஸ் என்ற இரண்டு விளையாட்டுக் கருவிகளின் இணையக் கடைகளையும் மூடியது. அங்கே மட்டும் விற்ற விளையாட்டுகளைப் புதிதாக வாங்க இனி நேர்வழி இல்லை. அதே ஆண்டு வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடைகளில் கிடைக்கவில்லை என்று கண்டார்கள். இந்தக் கணக்கில் கணினி விளையாட்டும் சேர்த்திதான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் கணினிப் பக்கம் பழைய விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருள்களான டாஸ்பாக்ஸ் இருக்கிறது, ஸ்கம்விஎம் இருக்கிறது. தன்னார்வலர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து, 1980களின் விளையாட்டை இன்றைய மடிக்கணினியில் ஓட வைத்திருக்கிறார்கள். 2008இல் தொடங்கிய ஜிஓஜி போன்ற கடைகளில் நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டில்லாத கோப்பாகவே வாங்கி வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கடையும் அப்படியில்லை. ஸ்டீமில் நாம் வாங்குவதும் உரிமம்தான். எங்கே பூட்டில்லாமல் கிடைக்கிறதோ அங்கே வாங்குங்கள் என்பேன்.

கணினியின் குறைகளையும் சொல்ல வேண்டும். 2015இல் 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' கணினிப் பதிப்பு விற்பனையையே நிறுத்திவைக்கும் அளவுக்குக் கெட்டுப்போய் வந்தது. இன்றும் பெரிய விளையாட்டுகள் சில முதல் வாரம் திக்கித் திணறுகின்றன. இணைய ஆட்டத்தில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் மென்பொருளின் தொல்லை கணினியில் அதிகம். களைத்து வந்து, பொத்தானை அழுத்தி, சோபாவில் சாய்ந்து உடனே விளையாட வேண்டும் என்பவருக்குக் கன்சோல் நல்ல பொருள். அவரிடம் நான் வாதாட மாட்டேன்.

ஆனால் உங்கள் வீட்டில் விளையாட்டைப் பார்த்து, இதை எப்படிச் செய்தார்கள் என்று கேட்கிற பிள்ளை இருந்தால், அங்கே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கன்சோலுக்கு விளையாட்டு வெளியிட, அந்த நிறுவனத்தில் பதிந்து ஒப்புதல் பெற வேண்டும். கணினியில் விளையாட்டு உருவாக்க உதவும் கோடோ போன்ற திறந்த மென்பொருள் இலவசம். விளையாடிய அதே இயந்திரத்தில் அன்று மாலையே தொடங்கலாம். 'ஸ்டார்டியூ வேலி'யை எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனி ஆளாகச் செய்தார். நிரல், ஓவியம், இசை எல்லாம் அவரே. 2016 பிப்ரவரியில் முதலில் கணினியில் வெளியிட்டார், கன்சோல்களுக்கு அது பிறகுதான் போனது.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். வீட்டில் இருக்கிற பழைய மடிக்கணினி போதும். இலவசமாகக் கிடைக்கும் 'ஓப்பன் டிடிடி'யையோ 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்'தையோ நிறுவிக் கொடுங்கள். வெஸ்நாத்தில் ஒவ்வொரு வீரனின் உயிர், வலிமை, விலை எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கின்றன. ஒரு கோப்பைத் திறந்து, பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, ஓர் எண்ணை மாற்றி ஆட்டம் எப்படி மாறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், இந்தப் பேச்சு முடிந்ததும் என்னிடம் வாருங்கள், திறந்தே காட்டுகிறேன்.