மாட்டுவண்டிக்கு எட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

சாலையால் ஊருக்கு வரும் பயனை எப்படி அளப்பது என்று பேச வேண்டும் என அழைத்தார்கள். நான் சாலை போடுகிற ஆள் இல்லை, கணக்குப் போடுகிற ஆள். என் அப்பா காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளை. நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வுபெற்றவன். இரண்டு தலைமுறையாகப் பேரேட்டை விட்டு நகரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கிற காலத்தில் ஒரு சாலை ஆய்வுக்காக வண்டி எண்ணுகிற வேலை கிடைத்தது. ஏழு நாள், இரவும் பகலும் முறை வைத்து. ஒரு அட்டை, ஒரு தாள், ஒரு பென்சில். வண்டி போனால் ஒரு கோடு. நான்கு கோடு விழுந்ததும் ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கட்டாக்க வேண்டும். லாரிக்கு ஒரு கட்டம், பஸ்ஸுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, மாட்டுவண்டிக்கு ஒன்று. மூன்றாம் நாள் இரவு புளியமரத்தில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தால் மணி மூன்றேகால். முந்தின இரவு அதே நேரத்தில் எத்தனை லாரி போனது என்று பார்த்து, அதில் ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் குறைத்து எழுதிவிட்டேன். மறுநாள் தாள்களைப் புரட்டிப் பார்த்த மேற்பார்வையாளர், "உன் தாள்தான்ப்பா சுத்தமா இருக்கு" என்றார். அன்றிலிருந்து, இந்தச் சாலையால் இத்தனை கோடி பயன் என்று யாராவது சொன்னால், அந்தத் தொகைக்கு அடியில் எங்கேயோ ஒரு புளியமரம் நிற்கிறது என்று எனக்குத் தோன்றும்.

எண்ணி முடித்ததும் எல்லா வண்டிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவார்கள். கார் 1. பைக்கும் சைக்கிளும் அரை. லாரியும் பஸ்ஸும் 3. மாட்டுவண்டி 8. நகருக்கு வெளியே உள்ள சாலைகளுக்கு, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த கணக்கு இது. அப்பாவிடம் சொன்னேன். "நம்ம புள்ளிக் கணக்கு மாதிரியில்ல இருக்கு" என்று சிரித்தார். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கோயிலுக்குக் கட்டும் வரியில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப் புள்ளி. எதை எத்தனையாக எண்ணுவது என்பதை முடிவு செய்துவிட்டால், அப்புறம் மிச்சமெல்லாம் வெறும் கூட்டல்தான். மாட்டுவண்டிக்கு எட்டு கொடுத்தது மரியாதையால் இல்லை, அவ்வளவு வழியை அது மறிக்கிறது என்பதால். அதில் இருந்த நெல் மூட்டைக்கு எந்தக் கட்டமும் கிடையாது.

சரி, பயன் என்று எதைச் சொல்கிறார்கள்? 1844-லேயே ஜூல் துபுய் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதைக் கேட்டுவிட்டார். சாலையும் பாலமும் கட்டுகிற துறையில் இருந்தவர். பாலத்தில் வசூலாகும் சுங்கம் பாலத்தின் பயன் ஆகாது, அதைக் கடக்க மக்கள் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருப்பார்களோ அதுதான் பயன் என்றார். இன்றைக்கு நம் நாட்டில் நெடுஞ்சாலைத் திட்டங்களை மதிப்பிடும்போது முக்கியமாக மூன்று வரவு எழுதுகிறார்கள். டீசல், டயர், தேய்மானத்தில் மிச்சம் ஒன்று, நேரத்தில் மிச்சம் இரண்டு, விபத்தில் மிச்சம் மூன்று. விபத்து வரவைக் குறைத்து எண்ணக்கூடாது. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஆனால் தொகை குவிவது பெரும்பாலும் முதல் இரண்டில்தான்.

நேரத்தை எப்படிக் காசாக்குகிறார்கள் என்று ஒரு சின்னக் கணக்கு. ஊருக்குள் போகும் சாலையை அகலப்படுத்துகிறோம். நாளுக்குப் பத்தாயிரம் வண்டி, வண்டிக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஆறு நிமிடம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2,000 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்றால் 1,20,000 ரூபாய். வருடத்துக்கு 4 கோடியே 38 லட்சம். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த ஆறு நிமிடத்தை வைத்து யார் என்ன செய்தார்கள்? சீக்கிரம் வந்தவர் பஸ் ஸ்டாண்டில் இன்னும் ஆறு நிமிடம் நின்றிருப்பார். லாரிக்காரருக்கு அப்படியில்லை, ஒரு நடை கூடுதலாக அடிக்க முடிந்தால் அது நிஜமான காசு. இரண்டையும் ஒரே உண்டியலில் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. இன்னொன்று: காரில் போகிறவருடைய மணி நேரத்துக்கு ஒரு விலை, பஸ்ஸில் போகிறவருக்கு அதைவிடக் குறைந்த விலை. வருமானத்தை வைத்து மதிப்பிட்டால் அப்படித்தான் வரும். அதனால் கார்கள் ஓடும் தெருவை அகலப்படுத்தினால் பயன் கூடுதலாகத் தெரியும், டவுன் பஸ் ஓடும் தெருவில் குறைவாகத் தெரியும். கூட்டலில் ஒரு தப்பும் இருக்காது.

வட்டி விஷயத்தை இந்த வட்டாரத்தில் விளக்க வேண்டியதில்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போன இடத்தில், ரங்கூன் கோயிலில் கூடி நடப்பு வட்டி நிர்ணயித்தவர்களின் ஊர் இது. நம் நாட்டுச் சாலைத் திட்டங்களுக்கு வழக்கமாக வைக்கிற 12 சதவீதத்தில், இருபது வருடம் கழித்து வரப்போகும் 100 ரூபாய் இன்றைக்குப் பத்து ரூபாய் சொச்சம்தான். ஆகையால் திறப்பு விழா இரண்டு வருடம் தள்ளிப்போனால் கணக்கு நன்றாகவே அடிபடும்.

ஒரே வரவை இரண்டு முறை எழுதும் வழக்கம்தான் எனக்குப் பெரிய எரிச்சல். சாலை வந்ததால் நேரம் மிச்சம், அது ஒரு வரவு. சாலை வந்ததால் மனை விலை ஏறியது, அது இன்னொரு வரவு என்று கூட்டுவார்கள். மனை விலை ஏன் ஏறியது? போய்வரும் நேரம் மிச்சமானதால்தானே? பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பர்மா தேக்குத் தூணை வைத்துக்கொண்டு, வீட்டோடு சேர்த்து ஒரு விலை, பழம்பொருளாக ஒரு விலை என்று இரண்டையும் வரவு வைத்தால் கடைக்காரரே சிரிப்பார். வேலைவாய்ப்பும் அப்படித்தான். "இத்தனை லட்சம் மனித நாள் வேலை" என்று விளம்பரப் பலகையில் பார்க்கிறோம். கூலி என்பது திட்டத்தின் செலவு. வேறு வேலையே இல்லாமல் இருந்தவருக்கு வேலை கிடைத்தால் ஒரு பங்கை வரவாகப் பார்க்கலாம். நடவு வேலையிலிருந்தவர் ஜல்லி கொட்ட வந்தால் அது இடமாற்றம்.

இடமாற்றம் என்று சொன்னேன். விஷயமே அதில்தான் இருக்கிறது.

திருமயத்திலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் போகிற நெடுஞ்சாலை உங்களுக்குத் தெரியும். முன்னே 210, இப்போது 536. நம் வட்டாரத்தில் ஒரு ஊரில் பழைய சாலையோரம் டீக்கடை வைத்திருப்பவர் எனக்குப் பழக்கம். ஊருக்கு வெளியே புறவழிச் சாலை வந்தபின் ஒருநாள் கடையில் உட்கார்ந்திருந்தேன். "ஊருக்கு நல்லதுதான் சார், டீ மாஸ்டருக்குத்தான் வேலையில்ல" என்றார். எவ்வளவு குறைந்தது என்று கேட்டேன். கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து நூல் கட்டின ஒரு நீள நோட்டை எடுத்தார். பால் கணக்கு. அட்டையெல்லாம் எண்ணெய்க் கறை, ஓரங்களில் ஏலக்காய்த் தூள். தினமும் எத்தனை லிட்டர் இறங்கியது என்று தேதிவாரியாக அவர் மனைவி எழுதியிருந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பது என்று போய்க்கொண்டிருந்தது, ஒரு பக்கத்தில் பதினெட்டுக்கு இறங்கியது. புறவழி திறந்த வாரம் எது என்று அவரிடம் கேட்கத் தேவைப்படவில்லை.

இது யாருடைய நஷ்டம்? அவருடையது, சந்தேகமில்லை. ஊருடையதா? புறவழிச் சாலை பிரியும் இடத்தில் புதிதாக நான்கு டீக்கடை வந்துவிட்டது. லாரிக்காரர் குடிக்கும் டீ குறையவில்லை. திட்ட அறிக்கையில் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். மொத்தக் கணக்கில் அது சரி. ஆனால் ஐந்தொகை, அதாவது வருட முடிவில் இருப்புக் கணக்கு, போடுகிறவர் மொத்தத்தை மட்டும் எழுதிவிட்டு எழுந்துபோக மாட்டார், யார் பெயரில் பற்று, யார் பெயரில் வரவு என்று எழுதுவார். பழைய கடைக்காரருடைய பற்று புதுக் கடைக்காரருடைய வரவு. இரண்டு பேரும் வேறு வேறு ஆள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. சீனாவில் பெரிய நகரங்களை இணைக்க நெடுஞ்சாலை போட்டார்கள். நடுவே இணைப்பு கிடைத்த சின்ன மாவட்டங்களில் தொழில் வளர்ச்சி, இணைப்பு கிடைக்காத இடங்களைவிடக் குறைந்தது என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. சரக்கு வெளியே போகும் அதே வழியில்தான் பெருநகரத்துச் சரக்கு உள்ளேயும் வருகிறது. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் நம் நாட்டின் தங்க நாற்கரச் சாலை, 5,846 கிலோமீட்டர், வேறு மாதிரி. அதிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருந்த மாவட்டங்களில் உற்பத்தித் தொழில் வளர்ந்தது, தள்ளி இருந்தவற்றில் அப்படி இல்லை. இந்தச் சாலை மேல் உள்ள ஊர்களின் தொழிற்சாலைகள் மூலப்பொருள் இருப்பை 6 முதல் 12 நாள் அளவுக்குக் குறைத்துக்கொண்டன என்று இன்னொரு ஆய்வு. எனக்குப் பிடித்த அளவு இதுதான். புதுவயல் அரிசி ஆலையில் போய்க் கேளுங்கள், நெல் மூட்டையில் முடங்கிக் கிடக்கும் காசுக்கு என்ன வட்டி என்று. சாலையை நம்பலாம் என்று தெரிந்தால்தான் கிடங்கு காலியாகும். ஆறு நிமிடக் கணக்கில் இது அகப்படாது.

அப்புறம், ஒப்பிடுவது. சாலைக்கு முன், சாலைக்குப் பின் என்று இரண்டு படம் போட்டுக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். நடுவில் ஜிஎஸ்டி வந்தது, கொரோனா வந்தது, 2024-ல் காரைக்குடி மாநகராட்சியானது. மனை விலை ஏறியதில் எது சாலையால்? கேட்க வேண்டியது, சாலை வராமல் இருந்திருந்தால் இன்றைக்கு என்ன நிலைமை என்பது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் அதை ஒத்த ஓர் ஊரைக் கண்டுபிடிக்கலாம். தங்க நாற்கர ஆய்வில், அதே திட்டத்தில் இருந்தும் வேலை தாமதமான வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குச் சாலைகளோடு ஒப்பிட்டார்கள். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் இன்னும் சாமர்த்தியமான வழி கிடைத்தது. மக்கள்தொகை 500, 1,000 என்று வரம்பு வைத்து ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள் அல்லவா? வரம்பை ஒட்டி மேலே இருக்கும் ஊருக்கும், ஒட்டிக் கீழே இருக்கும் ஊருக்கும் மற்றபடி வித்தியாசம் கிடையாது. அப்படி ஒப்பிட்ட 2020-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது: சாலை வந்த ஊரில் விவசாய வேலையிலிருந்து ஆட்கள் வெளி வேலைக்குப் போனார்கள், விளைச்சலிலோ, வருமானத்திலோ, வீட்டுச் சொத்திலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. பஸ் வந்தது, பையன்கள் பஸ் ஏறினார்கள், அவ்வளவுதான்.

ஊருக்குள் போகும் சாலைக்கு இன்னொரு வினோதம். அகலப்படுத்தினால் வண்டி வரும். அமெரிக்க நகரங்களில் சாலை எவ்வளவு கூடியதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடியது என்று 2011-ல் காட்டினார்கள். காரைக்குடி செக்காலை ரோட்டில் மாலை ஆறு மணிக்கு வண்டி நிறுத்த இடம் தேடியவருக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை.

கணக்கில் வராத பற்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செட்டிநாட்டு ஊர்கள் மழையை நம்பிக் கட்டப்பட்டவை. காட்டில் விழும் தண்ணீர் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கும் ஊருணிக்கும் வர வேண்டும். சாலையை மூன்றடி உயர்த்தி, குழாய்ப் பாலம் வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் போனால் ஒரு பக்கம் வீட்டுக்குள் தண்ணீர், மறுபக்கம் ஊருணி காய்கிறது. அந்த ஊர் அடுத்த கோடையில் லாரித் தண்ணீருக்குக் கொடுக்கும் காசு சாலையின் செலவுதான். அந்தத் தண்ணீர் லாரியும் புதுச் சாலையில் ஓடி, டீசல் மிச்சம் என்று வரவுப் பக்கம் ஏறுவதுதான் வேடிக்கை.

தை மாதத்தில் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்களும் கணக்கில் வரமாட்டார்கள். சாதாரண வாரமாகப் பார்த்து எண்ணுவதுதான் முறை, திருவிழா வாரத்தை ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கினாலும் சாலையைக் குறுக்கே கடக்கிறவரை எப்போதுமே எண்ணலாமே. நான்கு வழியானபின் எதிர்ப்பக்கப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்க்கு நேரம் கூடியதா குறைந்ததா?

எத்தனை நாள் பொறுத்து அளப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடல் தாண்டிப் போன ஏஜெண்டுகளுக்குச் செட்டியார்கள் மூன்று வருடக் கணக்கு என்று வைத்தார்கள். அதற்கு முன் லாப நஷ்டம் பேசுவதில் அர்த்தமில்லை என்று தெரிந்தவர்கள். அந்த டீக்கடைக்குச் சென்ற மாதம் மறுபடி போயிருந்தேன். பதினெட்டு இப்போது இருபத்தாறு. லாரித் தொல்லை போனதால் சாயங்காலம் குடும்பமாக நடந்து வருகிறார்கள், பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை வந்திருக்கிறது, டியூஷன் முடிந்து பிள்ளைகள் நிற்கிறார்கள். நாற்பது ஆகவில்லை, ஆகுமா என்றும் தெரியாது. டீ மாஸ்டர் திரும்ப வரவில்லை, திருப்பூருக்குப் போய்விட்டாராம். திறந்த மாதம் அளந்தவர் ஒரு விடை எழுதியிருப்பார், இப்போது அளப்பவர் வேறொன்று எழுதுவார். இரண்டு பேருக்கும் அந்த நோட்டு வேண்டும், அதுவும் சாலை வருவதற்கு முன்பே எழுதத் தொடங்கிய நோட்டு. வேலை முடிந்தபிறகு போய் "முன்னே எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லோரும் நாற்பதை ஐம்பது என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு சாலையை அகலப்படுத்தப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. கல் நடவில்லை, அளவு எடுக்கவில்லை. பழைய மாணவர்கள் இருவரோடு வரும் திங்கள்கிழமையிலிருந்து ஒரு வாரம் அங்கே ஒரு திண்ணையில் உட்காரப் போகிறேன். கடைக்குக் கடை பால் நோட்டு, கரண்டு பில், வாடகை எல்லாம் கேட்டு எழுதுவதாக ஏற்பாடு. கடக்கிறவர்களுக்கு ஒரு கட்டம் தனியாகப் போட்டிருக்கிறேன். இரவு முறை என்னுடையது வேண்டாம் என்று பையன்கள் சொல்லிவிட்டார்கள், அந்தப் புளியமரக் கதையை அவர்களிடம் சொன்னது தப்பு. அந்தப் பக்கம் மாட்டுவண்டி ஒன்று இன்னும் மணல் ஏற்றி வருகிறதாம்.

வணக்கம்.