முதுகில் போட்ட ஊசிதான் இடுப்பு வலிக்குக் காரணமா? எந்த வயிற்றுப் பயிற்சி செய்யலாம்?

வணக்கம். ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 38. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். "சின்னவனுக்கு ஆறு வயதாகிறது. அன்றைக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்து இடுப்பு வலி விடவே இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, வயிற்றுத் தசையைப் பலப்படுத்துங்கள் என்றார். மூன்று வாரமாகக் காலையில் எழுந்ததும் 40 சிட்-அப் செய்கிறேன். வலி கூடித்தான் இருக்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?" இதுதான் கேள்வி.

முதலில் அந்த ஊசியைப் பற்றிப் பேசிவிடலாம். என்னிடம் வரும் தாய்மார்களில் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள். ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், அது உண்மை. ஆறு வருடம் நீடிக்கும் வலிக்கு ஊசி காரணமில்லை. பிரசவத்தில் முதுகில் மரப்பு ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நீண்டநாள் முதுகுவலி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. ஊசிதான் காரணம் என்று நம்பிவிட்டால், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று மனம் விட்டுப்போகிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உங்கள் வலிக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, சகோதரி.

அந்தக் காலத்து டிவி ஆண்டெனா ஞாபகம் இருக்கிறதா? மொட்டை மாடியில் ஒல்லியான ஒரு கம்பம், அதைச் சுற்றி மூன்று நான்கு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு பக்கக் கம்பி தளர்ந்தாலும் காற்றில் கம்பம் ஆடும். உங்கள் கீழ்முதுகில் இருக்கும் ஐந்து எலும்புகளும் அந்தக் கம்பம் மாதிரிதான். முன்னால் வயிற்றுத் தசை, பக்கவாட்டில் விலாவுக்குக் கீழே இருக்கும் தசைகள், பின்னால் முதுகுத்தண்டை ஒட்டிய சிறு தசைகள், மேலே மூச்சு விடும் உதரவிதானம், கீழே இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசை. இவை எல்லாம் சேர்ந்து இழுத்துப் பிடித்தால்தான் முதுகு நிற்கும்.

இரண்டு முறை கர்ப்பத்தில் உங்கள் முன்பக்கத் தசை நன்றாக இழுபட்டிருக்கிறது. சிசேரியனில் பொதுவாகத் தசையை வெட்டுவதில்லை, நடுவில் விலக்குகிறார்கள். அதன் மேலிருக்கும் உறையைத்தான் வெட்டித் தைக்கிறார்கள். தையல் ஆறிவிட்டது, ஆனால் தசைக்கு மறுபடி வேலை கற்றுக்கொடுக்கவில்லை. அதோடு தினமும் மெஷின் முன்னால் குனிந்தபடி பல மணி நேரம்.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்துக்கொண்டு தலையை மட்டும் மெல்லத் தூக்குங்கள். நடுக்கோட்டில் இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் தெரிகிறதா? அல்லது கூரை முகடு போல வயிறு புடைத்து எழுகிறதா? அப்படியானால் இரண்டு பக்கத் தசையும் இன்னும் விலகியே இருக்கின்றன என்று பொருள். அப்போது சிட்-அப் வேண்டவே வேண்டாம்.

விலகல் இல்லாவிட்டாலும், இடுப்பு வலி உள்ளவர்களுக்கு நான் சிட்-அப் சொல்வதில்லை. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் இதை அளந்திருக்கிறார். ஒரு சிட்-அப்புக்கு முதுகுத்தண்டின் மேல் ஏறக்குறைய 3,300 நியூட்டன் அழுத்தம் விழுகிறது. 330 கிலோவுக்கு மேல் எடை வைத்தது போல. அதை நீங்கள் 40 முறை செய்கிறீர்கள், அதுவும் எழுந்ததும். இரவில் படுத்திருக்கும்போது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நாம் கொஞ்சம் உயரமாகக்கூட இருப்போம். அந்த நேரத்தில் முதுகை வளைத்தால் டிஸ்க்குக்குச் சுமை அதிகம். எழுந்து ஒரு மணி நேரமாவது போகட்டும், அப்புறம் பயிற்சி.

சரி, எதைச் செய்வது? முதுகை அசைப்பது வயிற்றுத் தசையின் முக்கிய வேலை இல்லை, அசையாமல் பிடிப்பதுதான் வேலை. விலாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் கை வைத்து லேசாக இருமுங்கள். கைக்கு அடியில் சுற்றிலும் கெட்டியாவது தெரிகிறதல்லவா? அந்த இறுக்கத்தில் கால்பங்கு போதும். மூச்சை அடக்காதீர்கள், பேச முடிகிற அளவுக்கு மூச்சு ஓட வேண்டும்.

முதல் பயிற்சி, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். மூச்சை வெளியே விட்டபடி ஒரு குதிகாலைத் தரையில் தேய்த்து நீட்டி, மறுபடி இழுங்கள். இடுப்பு அசையக் கூடாது. பக்கத்துக்கு எட்டு முறை. இரண்டாவது பக்கவாட்டுப் பிளாங்க். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையும் முழங்காலும் தரையில் இருக்க, இடுப்பை மட்டும் தூக்கிப் பத்து விநாடி. தோள் வலித்தால் சுவரில் சாய்ந்து நின்று செய்யுங்கள்.

மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம், பேர்ட் டாக் என்பார்கள். நாலுகாலில் நில்லுங்கள், கை தோளுக்கு நேர்கீழே, முழங்கால் இடுப்புக்கு நேர்கீழே. வலது கையையும் இடது காலையும் நீட்டுங்கள். பெரும்பாலானவர்கள் காலை உயரமாகத் தூக்கி முதுகைக் குழிய விட்டுவிடுகிறார்கள். கால் இடுப்பு மட்டத்துக்கு மேல் போகவே வேண்டாம். உங்களிடம் துணி அளக்கும் மர ஸ்கேல் இருக்குமே, அதை இடுப்பின் மேல் குறுக்காக வைக்கச் சொல்லுங்கள், பெரியவன் செய்வான். காலை நீட்டும்போது ஸ்கேல் ஒரு பக்கம் சரிந்தால் இடுப்பு திரும்புகிறது. கையை விட்டுவிட்டுக் காலை மட்டும், தரையை ஒட்டியே நீட்டிப் பழகுங்கள். ஸ்கேல் அசையாமல் நின்ற பிறகு கையைச் சேர்க்கலாம்.

பத்து விநாடிப் பிடிப்பு, பக்கத்துக்கு ஐந்து முறை. சற்று ஓய்வு. பிறகு மூன்று, கடைசியில் ஒன்று. பழகியதும் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், பிடிக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டாம்.

இடுப்புக்குப் பெல்ட் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வலி அதிகமான நாளில் சில மணி நேரம் போடலாம். நாள் முழுக்க வேண்டாம். தைக்கும்போது, பாபின் தீரும்போதெல்லாம் எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி மூன்று மூச்சு இழுத்துவிடுங்கள். புது பாபின் போட்டபின் உட்காருங்கள்.

பயிற்சியின்போது வலி காலுக்கு இறங்கினால் அதை நிறுத்திவிடுங்கள். கால் பலம் குறைவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விலகல் மூன்று நான்கு விரல் இருந்தால், பிரசவத்துக்குப் பிந்தைய சிகிச்சை தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்டை நேரில் பாருங்கள்.

ஆறு வாரம் விடாமல் செய்துவிட்டு, ஸ்கேல் நிற்கிறதா, வயிற்றின் அந்த முகடு குறைந்திருக்கிறதா என்று எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறேன்.