கடற்பசுவுக்கு எத்தனை பெயர்கள்!

(திரையில்: கடலடியில் புல் மேயும் கடற்பசு)

வணக்கம். இந்த விலங்கை நாம் கடற்பசு என்கிறோம். பாக் விரிகுடா மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். ஆங்கிலத்தில் டுகாங். அது மலாய் மொழியின் 'டுயுங்' என்ற சொல்லிலிருந்து போனது. மலாயில் கடற்கன்னிக்கும் இதே சொல்தான்.

கடற்கன்னி அறிவியலுக்குள்ளும் நுழைந்துவிட்டாள். கடற்பசு சேர்ந்த வரிசைக்கு 1811இல் இல்லிகர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் வைத்த பெயர் சைரீனியா. பாடியே மாலுமிகளை மயக்கும் கிரேக்கப் புராணத்துச் சைரன்களின் பெயர் அது. இத்தனைக்கும் பழைய கிரேக்க ஓவியங்களில் சைரனுக்குப் பறவை உடல், பெண் தலை. மீன் வால் ரொம்பப் பிற்பாடு வந்தது!

(திரையில்: பழைய பாய்மரக் கப்பல்)

1493 ஜனவரியில் கொலம்பஸ், கரீபியன் தீவுகளுக்கு அருகே மூன்று கடற்கன்னிகளைப் பார்த்ததாகக் குறித்தார். படத்தில் வரைகிற அளவுக்கு அழகாக இல்லையாம். அவர் பார்த்தவை கடற்பசுவின் உறவான மானட்டிகள் என்றே கருதப்படுகிறது.

எப்படி இந்த மயக்கம்? இது பாலூட்டி. மூச்சுவிட நீருக்கு மேலே வந்தாக வேண்டும். அப்புறம், பசுவைப் போலப் பின்னங்கால்களுக்கு இடையே மடி கிடையாது. பால்காம்புகள் துடுப்புகளுக்கு அடியில், கிட்டத்தட்ட அக்குளில் இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்த மாலுமிகளுக்குக் கற்பனை ஓட அது போதும்.

சரி, பசுவுக்கும் இதற்கும் உறவு உண்டா? இல்லை. மானட்டிகளை விட்டுவிட்டால், இன்று உயிரோடிருப்பவற்றில் இதன் நெருங்கிய சொந்தம் யானைதான். ஆனாலும் என்னைக் கேட்டால், எல்லாப் பெயர்களிலும் கடற்பசுதான் உண்மையானது. ஏனென்றால் அது இந்த விலங்கின் பிழைப்பைச் சொல்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 30 முதல் 40 கிலோ கடற்புல்லை, பல இடங்களில் வேரோடு பிடுங்கித் தின்னும். மேய்ந்த தடம் கடலடி மணலில் நீளமாகத் தெரியும்.

(திரையில்: கடற்புல் படுகை)

அந்தப் புல் அழிந்தால் ஆவுளியாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. அதனால்தான் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை, 2022இல் தமிழக அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை அங்குள்ள மீனவர்கள், விலை உயர்ந்த வலையையே அறுத்துக் கடலுக்குள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.